வாசகர் கேள்வி – பதில்: பயனாளிப் பட்டியல்களுக்கு ஒரு பொதுத் தரவு அகராதி

கேள்வி: மகளிர், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான திட்டங்களின் பயனாளிப் பட்டியல்களை ஒன்றிணைக்கும் பணி எங்கள் அலுவலகத்துக்குத் தரப்பட்டுள்ளது. ஒவ்வொரு பிரிவும் ‘குடும்பம்’ என்பதை வெவ்வேறு விதமாகக் கணக்கிடுகிறது. அனைவருக்கும் ஒரே வரையறையை எழுதிவிட்டால் சிக்கல் தீருமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: தீராது, சிக்கல் இன்னும் அதிகமாகும் என்றே கருதுகிறேன். அந்த வேறுபாடு யாருடைய கவனக்குறைவாலும் வந்ததன்று, விதிகளிலேயே இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வழக்கமாக ஒன்றாக வசித்து ஒரே சமையலில் உண்பவர்கள் ஒரு குடும்பம். அவர்கள் உறவினராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமோ, இரத்த உறவாலோ திருமணத்தாலோ தத்தெடுப்பாலோ இணைந்தவர்களாய், ஒன்றாக வசித்து உணவைப் பகிர்ந்துகொள்பவர்களை, அல்லது பொதுவான ரேஷன் அட்டை வைத்திருப்பவர்களைக் குடும்பம் என்று வரையறுத்தது.

மகன் வீட்டுக் கொல்லைப்புற அறையில் தனியே உலை வைத்துச் சாப்பிடும் ஒரு தாயை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் மகனின் அட்டையிலேயே இருக்கிறது. கணக்கெடுப்பாளர் அவரைத் தனிக் குடும்பமாக எழுதுவார். அட்டையைப் பார்ப்பவர் மகனோடு சேர்ப்பார். இருவரும் தத்தம் விதிப்படி சரியாகவே செய்கிறார்கள். நீங்கள் ஒரே வரையறையைத் திணித்தால், ஏதேனும் ஒரு திட்டத்தில் அந்தத் தாயின் தகுதி அவருக்கே தெரியாமல் மாறிவிடக்கூடும். என்னை உறுத்துவது இதுதான்.

ஆகவே உங்கள் தரவு அகராதியில், அதாவது பட்டியலின் ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன பொருள் என்று எழுதிவைக்கும் ஆவணத்தில், ‘அட்டைக் குடும்பம்’, ‘ஒரே சமையல் குடும்பம்’ என்று தனித்தனியே பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் அடிப்படையான சட்டத்தையோ அரசாணையையோ பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். யார் யாரோடு வசிக்கிறார், என்ன உறவு, சமையல் தனியா என்னும் அடிப்படை விவரங்களை மட்டும் பொதுவில் வையுங்கள். அவற்றைக் கொண்டு அந்தந்தத் திட்டம் தன் முடிவைத் தானே எடுத்துக்கொள்ளட்டும்.

மாற்றுத்திறன் குறித்த விவரத்துக்கும் இதுவே பொருந்தும். 2011 கணக்கெடுப்பு அதை 8 வகைகளில் பதிவுசெய்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் கூறுகிறது. அச்சட்டத்தின் பல சலுகைகளுக்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு வேண்டும். ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டுமே நிரப்பப்பட்ட பழைய பட்டியலிலிருந்து இவற்றில் எதையும் மீட்டெடுக்க இயலாது. வகை, விழுக்காடு, சான்றிதழ் தேதி மூன்றும் தனித்தனிக் கட்டங்களாக இருக்கட்டும். விழுக்காட்டுக் கட்டம் காலியாக இருந்தால், அது பரிசோதனை நடக்கவில்லை என்பதைக் குறிக்கிறதா, பாதிப்பு இல்லை என்பதைக் குறிக்கிறதா என்பதை அகராதி ஐயமின்றிச் சொல்லியாக வேண்டும். இது தெளிவாக இல்லாததால் தகுதியுள்ளவர்கள் விடுபடுகிறார்கள்.

பிறந்த தேதியிலும் கவனம் தேவை. முதியோர் பட்டியல்களில் ஜனவரி 1 திரும்பத் திரும்ப வருவதைக் கண்டிருப்பீர்கள். ஆண்டு மட்டும் தெரிந்தவர்களுக்கு அப்படி நிரப்பிவிடும் வழக்கம் இருக்கிறது. ஆதாரில் பிறந்த தேதி சரிபார்க்கப்பட்டதா, தாமே கூறியதா, தோராயமானதா என்ற பிரிவு உண்டு. அதே பிரிவை நீங்களும் வைத்துக்கொள்ளலாம். ஊர்களுக்குப் புதிய குறியீடு உருவாக்க வேண்டாம். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவில் (Local Government Directory) ஊர்களுக்கு ஏற்கெனவே உள்ள குறியீடே போதும்.

கேள்வி: இந்த அகராதியை மென்பொருள் நிறுவனத்திடமே ஒப்படைத்துவிடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கோப்பை அவர்கள் பராமரிக்கலாம், பொருளை முடிவு செய்வது துறையின் பொறுப்பு. அகராதியின் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அலுவலரைப் பொறுப்பாக்குங்கள். இடமாறுதல் வரும் என்பதால் அவர் பெயரை விட்டுப் பதவியை எழுதுங்கள். அரசாணை திருத்தப்பட்டால் பழைய வரையறையை அழிக்காமல், அது எந்தத் தேதிவரை செல்லுபடியானது என்று குறித்துவிட்டுப் புதியதைச் சேருங்கள். முந்தைய ஆண்டின் பயனாளி ஒருவர் மேல்முறையீடு செய்யும்போது அன்றைய விதிதான் தேவைப்படும். ஒப்புதலுக்கு முன், படிவத்தை நிரப்பும் அங்கன்வாடிப் பணியாளர் சிலரிடம் வரைவைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் ஒரே கட்டத்தை இரு விதமாக நிரப்பினால் அந்தப் பதிவை மீண்டும் எழுத வேண்டும்.