பழைய டிராக்டர் டைனமோ: ஆர்மேச்சர் நல்லதா, கெட்டதா?

மாஸி ஃபெர்குசன் 35, ஃபோர்ட்சன் டெக்ஸ்டா போன்ற பழைய வண்டிகளில் வரும் லூகாஸ் சி40 வகை டைனமோவைப் பற்றித்தான் இந்த முறை பெரும்பாலான கேள்விகள். 1960-ல் சென்னையில் டாஃபே டிராக்டர் நிறுவனம் தொடங்கியதிலிருந்து நம்மிடம் பழைய மாஸிகளுக்குக் குறைவில்லை.

அண்ணா, அப்பா காலத்து மாஸி 35. சார்ஜ் ஏறவில்லை. ஆர்மேச்சர் (டைனமோவுக்குள் சுழலும், காயில் சுற்றிய பகுதி) போய்விட்டது என்கிறார் மெக்கானிக். கழற்றாமல் பார்க்க முடியுமா? (பொள்ளாச்சி)

முடியும் தம்பி. முதலில் பெல்ட், கார்பன் பிரஷ் இரண்டையும் பாருங்கள். அப்புறம் டைனமோவின் டி, எஃப் முனைகளில் இருக்கும் வயர்களைக் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுங்கள். வோல்ட் மீட்டரின் ஒரு முனை அங்கே, மறுமுனை பாடியில். எஞ்சினை மெதுவாக ஏற்றினால் வோல்ட் சரசரவென்று ஏற வேண்டும். 20-ஐத் தாண்ட விடாதீர்கள். நன்றாக ஏறினால் டைனமோவில் குறையில்லை, கட்டவுட் பெட்டியையும் (சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வயரிங்கையும் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்குள்ளேயே நின்றால் ஃபீல்டு காயில் (காந்தப்புலம் தரும், சுழலாத காயில்) மேல் சந்தேகம். 12 வோல்ட்டில் பாதி, அதாவது ஆறு வோல்ட் வாக்கில், திணறினால்தான் ஆர்மேச்சர்.

மல்டிமீட்டரில் கம்யூட்டேட்டரின் (பிரஷ் உரசும் உருளை) எல்லா செக்மென்ட்டுக்கும் (செம்புப் பட்டை) இடையில் ஒரே அளவு காட்டுகிறது. அப்போது நல்லதுதானே? (தேனி)

அப்படி முடிவு கட்டாதீர்கள். ஒரு காயிலின் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமில் சிறு பங்குதான். அதில் ஒன்றிரண்டு சுற்று ஷார்ட் ஆனால் சாதாரண மீட்டருக்குத் தெரியாது. நல்ல ஆர்மேச்சரைத் தூக்கிப் போடுவதும், கெட்டதைத் திரும்ப மாட்டுவதும் இதனால்தான் நடக்கிறது.

இதற்குச் சரியான கருவி குரோலர் என்னும் மின்காந்தச் சாதனம். ரீவைண்டிங் கடைகளில் இருக்கும். ஆர்மேச்சரை அதன் வாயில் வைத்து, மின்சாரம் கொடுத்து, மேலே வரும் காடியின் (காயில் பதிந்த பள்ளம்) நீளவாக்கில் ஆக்சா பிளேடைப் பிடித்து, ஒவ்வொரு காடியாகத் திருப்பிப் பாருங்கள். ஷார்ட் ஆன காயில் வந்ததும் பிளேடு கடகடவென்று அதிர்ந்து இழுக்கும். காயிலுக்கு இரண்டு பக்கம் உண்டு, அதனால் எதிர்ப்பக்கத்திலும் அதிரும். உடனே ரீவைண்டிங்குக்குக் கொடுத்துவிடாதீர்கள். செக்மென்ட் இடுக்கில் கார்பன் தூளோ செம்புப் பிசிறோ இருந்தாலும் இதே அதிர்வு வரும். சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். பல ஆர்மேச்சர்கள் இங்கேயே பிழைத்துவிடும்.

எங்கள் பக்கம் குரோலர் கிடையாது. (அறந்தாங்கி)

12 வோல்ட் பேட்டரியும் 21 வாட் பல்பும் போதும். பல்பை சீரிஸில் போட்டு, பிரஷ் உட்காரும் இடங்களில், நேரெதிரான இரண்டு செக்மென்ட்களுக்குக் கரண்ட் கொடுங்கள். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, அடுத்தடுத்த செக்மென்ட்களைத் தொட்டுக்கொண்டே வாருங்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு வர வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் இறங்கினால் ஷார்ட். ஒரு பாதி முழுக்கப் பூஜ்ஜியம், நடுவில் ஒரே இடத்தில் மட்டும் பெரிய அளவு என்றால், அந்த இடத்தில் காயில் அறுந்திருக்கிறது. அங்கே செக்மென்ட் கருகியும் இருக்கும். ஈயம் உருகி வெளியேறியிருந்தால் திரும்பப் பற்றவைத்தாலே போதும்.

பாடி அடிக்கிறதா (காயில் கரண்ட் ஆர்மேச்சரின் இரும்பில் கசிகிறதா) என்று பார்ப்பது எப்படி? (திருச்சி)

ஷாஃப்டுக்கும் செக்மென்ட்டுக்கும் இடையே 15 வாட் பல்பை சீரிஸில் வைத்து 110 வோல்ட் ஏசி கொடுப்பது பழைய முறை. பல்பின் இழை லேசாகச் சிவந்தாலே இன்சுலேஷன் போய்விட்டது. இதை மின்சார வேலை தெரிந்தவர் மட்டுமே செய்யட்டும்.

கம்யூட்டேட்டரை எமரி பேப்பரால் தேய்க்கலாமா? (கோபி)

கூடாது. அதன் துகள் செம்பில் பதிந்து பிரஷைத் தின்றுவிடும். நைஸான கண்ணாடித்தாள் போடுங்கள். செக்மென்ட்களுக்கு இடையிலுள்ள மைக்கா இன்சுலேஷன் மேலே துருத்தினால் 0.8 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டிவிடுங்கள்.

ரீவைண்டிங் செய்து மாட்டியும் சார்ஜ் இல்லை. (தாராபுரம்)

ஃபீல்டில் மிச்சக் காந்தம் போயிருக்கலாம். எஃப் வயரைக் கழற்றிவிட்டு, டைனமோவின் எஃப் முனையில் பேட்டரியின் லைவ் வயரை (பாடிக்குப் போகாத வயர்) ஒரு நொடி தொட்டு எடுங்கள். பழைய வண்டிகளில் பாடிக்கு பாஸிட்டிவ் கொடுத்திருப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.