உதவித்தொகை கைக்கு எப்போ வரணும்? பாம்பன் முதல் தொண்டி வரை வந்த கேள்விகள்

கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பிள்ளைகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன், கொடுக்க நினைப்பவர்களுக்கு வழி சொல்கிறேன். கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

பாம்பன்: சார், மக பிளஸ் டூ நல்ல மார்க். காலேஜ்ல சேக்கணும். மீன்பிடித் தடைக்காலம், போட்டு கரையில நிக்குது. எந்த ஸ்காலர்ஷிப் இப்பவே கிடைக்கும்?

சேரும் நாளில் கைக்கு வரும் அரசு உதவித்தொகை எதையும் நான் பார்த்ததில்லை. புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்கூட கல்லூரியில் சேர்ந்து, பெயர் பதிந்த பிறகுதான். நம் கரையில் இது இரட்டை அடி. விசைப்படகுத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கல்லூரிச் சேர்க்கையும் அதே மே, ஜூனில். நிவாரணம் 8,000 ரூபாய் அரிசி பருப்புக்கே சரியாகிவிடும்.

அதனால் முதலில் செலவைக் குறையுங்கள். ராமேஸ்வரத்தில் கலாம் பெயரில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, ராமநாதபுரத்தில் சேதுபதி கல்லூரி. இளங்கலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, மற்ற கட்டணங்கள் மட்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மகளுக்கு டிக்கெட்டும் இல்லை. போட்டுக்காரரிடம் முன்பணம் வாங்கிக் கட்ட வேண்டாம். அந்தக் கடனை அடைக்கும்வரை நீங்கள் வேறு போட்டுக்கு மாற முடியாது, படிப்புக் கடன் தொழில் கடனாகிவிடும்.

கீழக்கரை, இப்போது துபாய்: காக்கா (அண்ணே), நாங்க கூட்டாளிங்க சேர்ந்து வருஷம் 2 லட்சம் ஒதுக்குறோம். 40 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 5,000 குடுக்குறோம். போதுமா, இன்னும் கூட்டணுமா?

தொகையைக் கூட்டுவதற்கு முன் கொடுக்கும் விதத்தை மாற்றுங்கள். 5,000 ரூபாயால் ஒரு பிள்ளை கல்லூரிக்குள் போனதுமில்லை, அது இல்லாததால் வெளியே வந்ததுமில்லை. அந்த வீட்டில் அது ஒரு மாத மளிகை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு 6 புதுப் பிள்ளைகளை எடுங்கள், மூன்று வருஷமும் விடாதீர்கள். மூன்றாம் வருஷம் உங்கள் கையில் 18 பேர் இருப்பார்கள். ஆளுக்கு 11,000 என்றால் 1,98,000. முதல் வருஷம் 66,000தான் செலவு, அடுத்த வருஷம் 1,32,000. மிச்சத்தை வங்கியில் போட்டு வையுங்கள். ஒரு வருஷம் வசூல் குறைந்தாலும் யாருக்கும் பாதியில் நிற்காது. பிள்ளைகள் கழன்று போவது பெரும்பாலும் இரண்டாம் வருஷக் கட்டணத்தின்போது. சேர்த்துவிட உறவு முழுக்க ஓடி வரும், அடுத்த வருஷம் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் சேர அவர் அக்கா நகையை அடகு வைத்ததை எல்லாப் பரிசளிப்பு விழாவிலும் சொல்கிறார்கள். அந்த உதவி சேரும் நேரத்தில் வந்தது என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. நம் ஆட்கள் ஆகஸ்ட் 15இல் பந்தல் போட்டு, எம்.எல்.ஏ.வுக்குத் தேதி கேட்டு, செக்கைப் பெரிதாக அச்சடித்துக் கொடுப்பதற்குள் கட்டணத் தேதி போய்விடுகிறது. ஜூனிலேயே கல்லூரிக் கணக்கில் நேராகக் கட்டி, ரசீதை வாங்கி வையுங்கள். ஒரு வயசுப் பெண்ணை மேடையில் நிறுத்தி 'ஏழை மாணவி' என்று மைக்கில் சொல்வதையும் விட்டுவிடுங்கள்.

ஜகாத் (இஸ்லாத்தில் கடமையான தர்மம்) பணம் என்றால், அதைக் கொடுக்கும் ரமலான் இப்போது பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. ஜூன் வரை எடுத்து வைக்கலாமா என்பதை உங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்கச்சிமடம்: உதவிபெறும் பள்ளியில படிச்ச பிள்ளைக்கு 7.5 சதவீதம் உண்டா?

கிடையாது. மருத்துவம், பொறியியல் மாதிரிப் படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீடு அது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நம் கரையில் சர்ச் பள்ளி, ஜமாஅத் பள்ளி என்று உதவிபெறும் பள்ளிகள் நிறைய, அதனால் பலருக்கு இது கவுன்சலிங் நேரத்தில்தான் தெரிய வருகிறது. உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கு 2024-25 முதல் புதுமைப்பெண் உண்டு. குடும்பத்தில் பட்டதாரியே இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்குங்கள், பொறியியல் கவுன்சலிங்கில் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். அதற்கு எந்தப் பள்ளி என்ற கேள்வி இல்லை.

மண்டபம் பக்கம்: அண்ணே, அம்மா பாசி எடுக்கப் போறவுக. ஆதார் மெஷின்ல கைரேகை விழ மாட்டேங்குது. பேங்க் கணக்கு, சான்றிதழ் எல்லாம் நிக்குது.

கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் பறிக்கிற கைகளைப் பார்த்திருக்கிறேன். துணிக் கிழிசலை விரல் விரலாகச் சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறார்கள், அப்படியும் பாறை கிழித்துவிடுகிறது. ரேகை எங்கிருந்து விழும்? ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போய் கருவிழிப் பதிவைச் சரிபார்த்து, மொபைல் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். பிறகு ஓடிபி போதும். எண் வீட்டில் நிரந்தரமாக இருப்பதாகப் பாருங்கள். ஆஃபருக்கு வாங்கிய சிம்மைத் தூக்கிப்போட்டு மாட்டிக்கொண்டவர்கள் அதிகம்.

உங்கள் பெயரில் உள்ள கணக்கு ஆதாரோடு இணைந்து, உயிரோடு இருக்கிறதா என்பதையும் வங்கியில் கேளுங்கள். பணம் வந்து திரும்பிப் போவது பெரும்பாலும் இதனால்தான்.

மூக்கையூர்: தம்பி பதினொண்ணோட நிப்பாட்டிட்டு கடலுக்குப் போறான். மீன்பாடு கிடைச்சா ஒரே நாள்ல ஆயிரம் ரூபா பங்கு. மாசம் 1,000 உதவித்தொகைன்னா சிரிக்கிறான்.

அவன் சிரிப்பதில் தப்பில்லை. கையில் காசு பார்த்த பையனை ஸ்காலர்ஷிப் திருப்பிக் கொண்டுவராது. அவனை எட்டாம் வகுப்பிலேயே பிடித்திருக்க வேண்டும். அப்போது எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷம் 12,000 கிடைக்கும். அந்தத் தேர்வுக்கு ஊரில் ஒரு மாலை வகுப்பு நடத்த ஆகும் செலவு, ஒரு பரிசளிப்பு விழாவின் பந்தல் வாடகைக்கு மேல் போகாது. இதற்கு ஏன் யாரும் நன்கொடை தருவதில்லை என்று எனக்கு ஆத்திரம் வரும்.

தம்பியிடம் ஐ.டி.ஐ. டீசல் மெக்கானிக் பற்றிப் பேசிப்பாருங்கள். இன்ஜின் பிரிக்கத் தெரிந்தவனுக்குக் கரையிலும் வேலை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ.க்கும் உண்டு.

தொண்டி: படிச்சவன் எல்லாம் சென்னை, சிங்கப்பூர்னு போயிடுறான். அப்புறம் சமுதாயம் எப்படி முன்னேறும்?

போகட்டும். கீழக்கரைக்காரர்கள் வெளியே போய்ச் சம்பாதித்ததால்தான் அங்கே 1984இல் முகமது சதக் பொறியியல் கல்லூரியும் 1988இல் தாசிம் பீவி பெண்கள் கல்லூரியும் வந்தன. ஆனால் எல்லாரும் போயாக வேண்டும் என்பதும் இல்லை. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971 வரை மண்டபத்தில்தான் இருந்தது, இன்றும் அங்கே அதன் மையம் இருக்கிறது. உங்கள் ஊரிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடல்சார் துறை இருக்கிறது. மீன்வளப் பல்கலைக்கழகத்தில் மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. இதையெல்லாம் சொல்லித்தர ஒரு ஆள் இல்லாமல், கடலை நன்றாகத் தெரிந்த பிள்ளை பி.காம். சேர்கிறது. உதவி கொடுக்கும் சங்கங்கள் பணத்தோடு, மே மாதம் வீடு வீடாகப் போய்ப் பேச ஒரு ஆளையும் கொடுக்கலாம்.

ஏர்வாடி: வெளிமாநிலத்துல நர்சிங், டிரஸ்ட் மூலமா ஃப்ரீ சீட்டுன்னு ஒருத்தர் வீட்டுக்கே வந்தார். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேக்குறார்.

கொடுக்காதீர்கள். அசலை வாங்கி வைத்துக்கொள்ளக் கல்லூரிகளுக்கே உரிமையில்லை என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லியிருக்கிறது, இடையில் வரும் ஆளுக்கு ஏது? கல்லூரியின் பெயரைக் கேட்டு, இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் வருஷம் ஃப்ரீ, இரண்டாம் வருஷம் லட்சத்தில் பில் என்பதுதான் வழக்கமான கதை. நான்கு வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டண விவரத்தைக் கல்லூரி லெட்டர்பேடில் எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்றால் டீயோடு அனுப்பிவிடுங்கள்.