வரைபடத்தில் தெரியும் ஏரிக்குப் பாதை இல்லாமல் நடந்து போகலாமா?

கேள்வி: நாங்கள் நான்கு பேர், திருப்பூர். டிசம்பர் கடைசியில் கொடைக்கானல் வருகிறோம். செயற்கைக்கோள் படத்தில் பேரிஜத்துக்கும் மன்னவனூருக்கும் நடுவே காட்டுக்குள் சின்னச் சின்ன நீலப் பொட்டுகள் தெரிகின்றன. எரிமலை வாயில் உண்டான ஏரிகள் என்கிறான் நண்பன். பாதை இல்லை, ஆனால் நேர்கோட்டில் நாலு கிலோமீட்டர்தான். போனில் ஜிபிஎஸ் இருக்கிறது. போய்விட்டு வந்துவிடலாமா?

பதில்: அந்த நேர்கோட்டில் போகாதீர்கள். ஏரி பார்க்கும் ஆசையை விடச் சொல்லவில்லை, அதற்கு நல்ல வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

எரிமலைக் கதையை முதலில் முடித்துவிடலாம். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரும் நீலகிரியும் எரிமலைகள் அல்ல. இங்கே இருப்பது பெரும்பாலும் சார்னோக்கைட் வகைப் பாறை, பூமியின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறி, பல கோடி ஆண்டுகளில் மேலே வந்தது. நிஜமான எரிமலை ஏரி வேறு மாதிரி இருக்கும். அமெரிக்காவின் ஒரிகனில் உள்ள கிரேட்டர் ஏரி, சுமார் 7,700 வருடங்களுக்கு முன் எரிமலை உள்வாங்கி விழுந்த குழியில் மழையும் பனியும் தேங்கி உண்டானது. உள்ளே வரும் ஆறும் கிடையாது, வெளியே போகும் ஆறும் கிடையாது. நம் மலையில் நீங்கள் பார்க்கிற ஏரிகள் அநேகமாக எல்லாமே மனிதர் கரை போட்டு மறித்த ஓடைகள். கொடைக்கானல் ஏரி 1863-இல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் கட்டியது. ஊட்டி ஏரி கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் காலத்தது. பேரிஜமும் அணை போட்டுத் தேக்கியதுதான், பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் அங்கிருந்து போகிறது.

படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பாருங்கள். நீலப் பொட்டின் ஒரு பக்கம் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தால் அது கரை, கரை இருந்தால் அதுவரை ஜீப் தடம் ஏதாவது வந்திருக்கும். நேர்க்கோடே இல்லாமல், சுற்றிலும் வெளிர்பச்சையாகத் தட்டையாக இருந்தால் அது ஏரியே இல்லை, சதுப்பு. அதே இடத்தின் ஏப்ரல் மாதப் படத்தைப் பாருங்கள், பாதி நீலம் காணாமல் போயிருக்கும்.

இந்தச் சதுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அனுமதியோடு, வனத்துறை ஆள் ஒருவர் முன்னால் நடக்க, கவுஞ்சி கிராமத்துப் பக்கம் ஒரு முறை போனோம். இரண்டு புல்மேட்டுக்கு நடுவே மெத்தை மாதிரி பசேலென்று ஒரு பள்ளம், குறுக்கே போனால் ஐம்பது அடிதான். ஊன்றுகோலை இறக்கிப் பார்த்தேன். கைப்பிடி வரைக்கும் இறங்கியது, அப்போதும் அடி தட்டவில்லை. உருவியபோது கறுப்புச் சேறும் ஊறிப்போன இலை வாடையும் வந்தது, நான் நின்ற இடத்திலிருந்து இரண்டு முழம் தள்ளிப் புல் மெல்ல அசைந்தது. மக்காத புல்லும் பாசியும் ஆயிரக்கணக்கான வருடங்களாகப் படிந்த அடுக்கு அது. நீலகிரியில் இதே மாதிரிப் படிவங்களைத் தோண்டி எடுத்துப் பழங்கால மழையின் வரலாற்றையே படித்திருக்கிறார்கள். மழைத்தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதும் இதுதான். நாலு பேர் மிதித்துத் தடம் போட்டால் தண்ணீர் அந்தத் தடத்தின் வழியே வடிய ஆரம்பிக்கும், அப்புறம் அதை யாராலும் மூட முடியாது. உங்கள் கால் மாட்டிக்கொள்ளும் என்பதைவிட இதற்காகவே நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

அடுத்தது, தொலைந்தால் என்ன செய்வது. ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். சமவெளிக்கு அது சரி. பழனி மலையின் தெற்கு விளிம்பில் அது உயிரை வாங்கும் யோசனை. அந்தப் பக்கம் மலை சரிவாக இறங்குவதில்லை, வெட்டிவிட்ட மாதிரி முடிகிறது. வத்தலக்குண்டு சாலையில் வரும்போது தூரத்தில் வெள்ளை நூலாகத் தெரிகிற தலையாறு அருவி 297 மீட்டர், அதுவும் மேலே இருக்கும்வரை சாதாரண ஓடைதான். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு (மூடுபனி) ஏறினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது, விளிம்பு எங்கே என்று உங்கள் ஜிபிஎஸ் புள்ளிக்கும் தெரியாது. வழி தவறினால் இறங்காதீர்கள். வந்த தடத்திலேயே மேட்டுக்குத் திரும்புங்கள், முடியாவிட்டால் ஒன்றாக உட்கார்ந்து மஞ்சு விலகும்வரை காத்திருங்கள். டிசம்பர் ராத்திரியில் புல்லில் உறைபனி விழும், அதனால் பகல் நடைக்கும் ஆளுக்கொரு கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, டார்ச் கட்டாயம். போன் குளிரில் சீக்கிரம் சார்ஜ் இறங்கும், உள்பாக்கெட்டில் வையுங்கள்.

காட்டுமாடு. கொடைக்கானல் பஜாரிலேயே நடமாடுவதைப் பார்த்துவிட்டுச் சாதுவான மாடு என்று நினைத்துவிடுகிறார்கள். காலையும் சாயங்காலமும் சோலை (புல்மேடுகளுக்கு நடுவே இருக்கும் அடர்காடு) ஓரத்துக்கு மேய வரும், பயந்தால் சோலைக்குள்தான் ஓடும். அதற்கும் சோலைக்கும் நடுவில் மட்டும் நின்றுவிடாதீர்கள். பேரிஜம் பக்கம் யானையும் வரும், வந்தால் வனத்துறை சாலையையே மூடிவிடும்.

இனி சட்டம். கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது, ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர். நீங்கள் சொல்கிற இடத்தில் காடு என்றால் சரணாலயமோ காப்புக்காடோ தான், அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாவிட்டால் தேடி வரவும் ஆள் இருக்காது.

சரி, என்ன செய்யலாம்? முதல் நாள் பேரிஜம். கொடைக்கானல் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு உண்டு, அதனால் காலையிலேயே போய் நில்லுங்கள். இரண்டாம் நாள் மன்னவனூர், கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், வழியில் பூம்பாறை. அங்கே ஏரியை வனத்துறையே பார்த்துக்கொள்கிறது, சுற்றிலும் புல்வெளி, ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை, நீங்கள் தேடுகிற காட்சி அநேகமாக அதுதான். நடந்தே ஆக வேண்டும் என்றால் 2024-இல் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் வட்டக்கானல்–வெள்ளகவி பாதைக்குப் பதிவு செய்யுங்கள், வழிகாட்டி கூட வருவார். தேதியை மாற்ற முடிந்தால் ஜனவரி நடுவில் வையுங்கள். இந்த மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம், டிசம்பரில் அதன் மிச்சம் இருக்கும், பிப்ரவரி பாதிக்கு மேல் தீக்காலம் என்று பாதைகளை மூடிவிடுவார்கள்.

மலைக்கு வரும் வண்டிக்கு இ-பாஸ் எடுத்துவிடுங்கள். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள்.