இழை அறுந்த இடம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில், சேலம் மாவட்டத்திலிருந்து வந்த நான்கை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று நால்வருமே கேட்டிருப்பதால், ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: அம்மா, எனக்கு 24 வயது. அப்பா தறி நெய்கிறார். குரூப் 4 தேர்வை இரண்டு முறை எழுதியும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. தெருவில் இறங்கினாலே, "என்னம்மா, ரிசல்ட் என்னாச்சு?" என்று கேட்கிறார்கள். புத்தகத்தைத் திறந்தால், "நம்மால் முடியாது" என்ற எண்ணம்தான் முதலில் வருகிறது. போன தன்னம்பிக்கையை எப்படித் திரும்பப் பெறுவது?
*வாசகி, அம்மாப்பேட்டை*

பதில்: அன்பு மகளே, நீ எழுதிய நான்கு பக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். அத்தை என்ன சொன்னார், எதிர்வீட்டுப் பெண்ணுக்கு எப்போது வேலை கிடைத்தது, அப்பா எந்த இரவில் சாப்பிடாமல் படுத்தார் என்பதெல்லாம் அதில் விவரமாக இருக்கின்றன. உன் மதிப்பெண் எந்தப் பகுதியில் போயிற்று என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. உன்னைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவள் என்ற முறையில், தோல்வி அடைந்த பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் பேசுவார்கள் என்பதை அறிவேன். "கணக்கில் ஆறு மதிப்பெண் குறைந்தது" என்று சொல்ல மாட்டார்கள், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்றுதான் சொல்வார்கள். முதலில் சொன்னதற்கு மருந்து உண்டு, இரண்டாவதற்கு யாராலும் மருந்து கொடுக்க முடியாது.

உன் அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல்களில், ஓர் இழை அறுந்தால் அவர் என்ன செய்கிறார்? மிதிப்பதை நிறுத்துகிறார். ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே அறுந்த முனையை விரலால் தடவித் தேடி எடுத்து, வேறொரு நூலை அதனோடு முடிச்சிட்டு, இழைகளைத் தனித்தனியே பிரித்து நிறுத்தும் விழுதிலும் அச்சிலும் அதற்குரிய கண்ணிலேயே நுழைத்து, இழுத்துக் கட்டிய பிறகுதான் மறுபடியும் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டுகிறார். அறுந்ததைக் கவனிக்காமல் நெய்துகொண்டே போனால் சேலை நெடுகக் கோடு விழுந்துவிடும். அதற்காகப் பாவு முழுவதையும் வெட்டி எறிபவரும் இல்லை.

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள். அவற்றில் 100 கேள்விகள் தமிழில். அந்த 150 மதிப்பெண்ணில் 40 விழுக்காடு, அதாவது 60 மதிப்பெண் வராவிட்டால் மற்ற விடைகள் மதிப்பிடப்படுவதே இல்லை. மீதி 100 கேள்விகளில் 75 பொது அறிவு, 25 திறனறிவும் மனக்கணக்கும். அந்த 25 கேள்விகளுக்கு மட்டும் 37.5 மதிப்பெண் இருக்கிறது; பயிற்சியால் மிக விரைவில் உயரக்கூடிய பகுதி அதுதான் என்பது, நான் படிப்பித்த பிள்ளைகள் பலர் இத்தேர்வை எழுதியதைப் பார்த்து எனக்கு உறுதிப்பட்ட கருத்து. உன் இரண்டு வினாத்தாள்களையும் தேர்வாணையம் வெளியிட்ட விடைக்குறிப்பையும் எடுத்து வைத்துக்கொள். தவறிய கேள்விகளை மூன்று நிறங்களில் குறித்துக்கொண்டு வா: படிக்காததால் தவறியவை, படித்தும் மறந்தவை, தெரிந்தும் அவசரத்தில் தவறவிட்டவை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. படிக்காததைப் படித்துவிடலாம், மறப்பதற்குத் திரும்பப் படிக்கும் கால அட்டவணை வேண்டும், அவசரத்துக்கு, கடிகாரத்தை எதிரே வைத்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து மாதிரித் தேர்வு எழுதும் பழக்கம் வேண்டும்.

உன் மாவட்டத்துக்காரரான கிரிக்கெட் வீரர் தங்கராசு நடராஜனை நினைத்துப் பார். சின்னப்பம்பட்டியில் நெசவுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். ரஞ்சிக் கோப்பையில் ஆடத் தொடங்கியதுமே, அவர் பந்து வீசும் முறை விதிக்கு உட்பட்டதுதானா என்ற ஐயம் எழுந்தது. பந்துவீச்சாளர் ஒருவருக்கு அதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. அவர் தம் கை அசைவைத் திருத்தி அமைத்துக்கொண்டு மீண்டும் வந்தார். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலிய மண்ணில் இந்திய அணிக்காக ஆடினார். அவரால் முடிந்தது உன்னாலும் முடியும் என்று எளிதாகச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. நான் உனக்குக் காட்ட விரும்புவது, அந்த அடிக்கும் அந்த டிசம்பருக்கும் இடைப்பட்ட ஆண்டுகளைத்தான். கைதட்ட ஒருவரும் இல்லாத அந்தக் காலத்தில், தவறு எந்த அசைவில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்தியிருக்கிறார். நம்பிக்கை வந்த பிறகு படிக்க உட்காரலாம் என்று நீ காத்திருக்கிறாய். தவறிய கணக்கு ஒன்றை இன்றைக்குச் சரியாகப் போட்டுவிட்டால், அந்த ஒரு கணக்கின் அளவுக்கு நம்பிக்கை இன்றிரவே வரும்.

தெருவில் கேட்பவர்களுக்கு, "அடுத்த தேர்வுக்குப் படிக்கிறேன் அத்தை, உங்கள் கால்வலி எப்படி இருக்கிறது?" என்று சொன்னால் போதும். அக்கறையோடு கேட்பவருக்கு அது நிறைவான பதில், வம்புக்குக் கேட்பவருக்கு அதற்கு மேல் பேச வழி இல்லை. உன் அப்பாவுக்கு மட்டும் அந்த மூன்று நிறத் தாளைக் காட்டு. அறுந்த இடம் தெரிந்துவிட்டது என்றால் அது எவ்வளவு பெரிய செய்தி என்பது அவருக்குப் புரியும்.

கேள்வி: நானும் அண்ணனும் சேர்ந்து கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். வியாபாரிகளிடம் ஆர்டர் வாங்குவது அவர், பட்டறையைப் பார்ப்பது நான். போன மாதம் வேலை முடிந்து நிறுத்தபோது 35 கிராம் குறைந்தது. "வெள்ளி எங்கே போச்சு?" என்று எட்டு ஆட்கள் முன்னால் கேட்டார். அன்று முதல் என் மனம் ஒட்டவில்லை. வீட்டில் மனைவி, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். வெளியேறி விடலாமா?
*வாசகர், செவ்வாய்ப்பேட்டை, வயது 43*

பதில்: இருபது ஆண்டுகள் உடன் உழைத்த அண்ணனே திருடனைக் கேட்பதுபோல் கேட்டால் மனம் புண்படத்தான் செய்யும், நீங்கள் அளவுக்கு மீறி வருந்தவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு சிக்கல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று எடைக் கணக்கு, மற்றொன்று மரியாதை. எடையைப் பற்றிப் பேசும்போது மரியாதையையும், மரியாதையைப் பற்றிப் பேசும்போது எடையையும் இழுத்தால் இரண்டும் தீராது.

முதலில் எடை. கட்டி வெள்ளியை உருக்குவதில் தொடங்கி, கம்பி இழுத்து, கண்ணி கோத்து, வெங்காரம் தடவிப் பற்றவைத்து, அரம் போட்டு, மெருகேற்றும் வரை ஒவ்வொரு கட்டத்திலும் வெள்ளி சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வரும் என்பதும், பட்டறைக் குப்பையைக் கூட்டிச் சேர்த்து அதிலிருந்து வெள்ளியைத் திரும்ப எடுப்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. இருந்தும், நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும்தான் நிறுக்கிறீர்கள். இனிமேல் ஒரு கை மாறி இன்னொரு கைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒரு நாள் அண்ணனும் நீங்களும் அதில் கையெழுத்து இடுங்கள். சேதாரம் எந்த மேசையில் கூடுகிறது என்று நோட்டே சொல்லிவிடும். அண்ணன் உங்களைக் கேட்க வேண்டிய தேவையே குறையும்.

இனி மரியாதை. இதை நோட்டு தீர்க்காது, பேசித்தான் ஆக வேண்டும். ஆட்கள் வருவதற்கு முன், காலையில், அவர் தேநீர் குடித்த பிறகு பேசுங்கள். "நீங்கள் எப்போதுமே இப்படித்தான்" என்று தொடங்க வேண்டாம். அப்படித் தொடங்கினால் அவர் முப்பது ஆண்டுக் கதையை எடுப்பார். அன்றைய நாளை மட்டும் பேசுங்கள். "அண்ணா, அன்றைக்கு ஆட்கள் முன்னால் நீங்கள் அப்படிக் கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை. எடையைப் பற்றி எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள், வீட்டில் கேளுங்கள். பட்டறையில் கேட்டால் நாளைக்கு அந்த ஆட்கள் என் பேச்சைக் கேட்க மாட்டார்கள்." இவ்வளவு போதும். அவர் உடனே மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். நம் குடும்பங்களில் மூத்தவர்கள் வாயால் மன்னிப்புக் கேட்பது அரிது. அடுத்த வாரம் நடந்துகொள்வதில்தான் அது தெரியும்.

ஆறு மாதம் இப்படி நடந்தும் அவர் மாறவில்லை என்றால், பெரியவர் ஒருவரை வைத்துக் கணக்கை முடித்துக்கொண்டு தனியாகத் தொழில் செய்யுங்கள். பாகம் பிரிவதை அவமானமாக எண்ண வேண்டியதில்லை; மனக்கசப்போடு ஒரே கூரையின் கீழ் இருந்து உறவை முழுவதுமாக இழப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஒன்றை மட்டும் ஆறு மாதம் தள்ளிப் போடாதீர்கள். பட்டறையில் உங்கள் மேல் விழுந்த சொல்லை வீட்டுக்குச் சுமந்துபோய் மனைவி மேல் இறக்கியிருக்கிறீர்கள். என்ன நடந்தது என்று அவரிடம் இன்று இரவே சொல்லுங்கள். எரிந்து விழுந்ததற்காக வருந்துவதாகவும் சொல்லுங்கள்.

கேள்வி: கல்லூரியில் உயரம் தாண்டுதலில் முதல் ஆண்டு முதலிடம் பெற்றேன். இந்த ஆண்டு மூன்றாமிடம். "இறங்கிவிட்டாய்" என்கிறார்கள். விட்டுவிடலாமா?
*மாணவர், ஓமலூர்*

பதில்: தம்பி, உங்கள் பக்கத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறியதால் வலது கால் பழுதுபட்டவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2021இல் டோக்கியோவில் 1.86 மீட்டர், வெள்ளி. 2024இல் பாரிஸில் 1.85 மீட்டர், வெண்கலம். இதை ஒருவர் இறக்கம் என்று படிக்கலாம். எட்டு ஆண்டுகள், மூன்று பாராலிம்பிக், மூன்றிலும் பதக்க மேடை என்றும் படிக்கலாம். நான் இப்படித்தான் படிக்கிறேன். நீ தாண்டிய உயரம் குறைந்ததா, அல்லது அது அப்படியே இருக்க மற்ற இருவர் உயர்ந்தார்களா என்பதை எழுதவில்லை. குறைந்திருந்தால் பயிற்சியாளரிடம் போ. குறையவில்லை என்றால், உன்னைவிட நன்றாகத் தாண்டும் இருவர் உனக்குப் பயிற்சித் துணையாகக் கிடைத்திருக்கிறார்கள். அவர்களோடு பேசிப் பழகு.

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. போன ஆவணியில் கணவர் காலமானார். விலை பேசுவது, ஆள் வைப்பது எல்லாம் அவர்தான். பெங்களூரில் இருக்கும் மகன், "விற்றுவிட்டு இங்கே வந்துவிடு அம்மா" என்கிறான். எனக்கு விற்க மனமில்லை, நடத்தத் தைரியமும் இல்லை.
*வாசகி, ஏற்காடு, வயது 57*

பதில்: சகோதரி, உங்கள் இழப்புக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் பொருத்தமான சொல் இல்லை. ஓராண்டு நிறைவதற்குள் இவ்வளவு பெரிய முடிவை எடுக்க வேண்டாம் என்று மட்டும் உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். துக்கம் பசுமையாக இருக்கும்போது விற்றவர்களும் வருந்தியிருக்கிறார்கள், பிடிவாதமாக வைத்துக்கொண்டவர்களும் வருந்தியிருக்கிறார்கள்.

தைரியம் இல்லை என்று எழுதிய நீங்களே, அடுத்த பத்தியில், சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக் கொடிகளை எப்போது இறக்கிக் கட்ட வேண்டும் என்றும், இலை மஞ்சளாகி வாடும் செடியின் அடித்தண்டில் துளைப்பான் புழுவின் மேடு தெரிகிறதா என்று தடவிப் பார்த்து, தெரிந்தால் செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது முப்பது ஆண்டுகள் கூடவே நடந்து கற்ற அறிவு. உங்களுக்குத் தெரியாதது தோட்டம் அன்று. விலை பேசுவதும் கூலிக் கணக்கும்தான். அவற்றைக் கற்றுக்கொள்ள ஒரு பருவம் போதும். வியாபாரி ஒருவரிடம் மட்டும் கேட்காமல் இருவரிடம் விலை கேளுங்கள், உங்கள் தராசில் நிறுத்த பிறகே மூட்டையை ஏற்றுங்கள். செடியைப் பற்றிய ஐயங்களுக்கு, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. போய்க் கேட்கத் தயங்க வேண்டாம்.

மகன் உங்கள் மேலுள்ள அன்பினால்தான் கூப்பிடுகிறார். தனியாக இருக்கும் தாயை நினைத்து அவருக்கு இரவில் தூக்கம் வராமல் இருக்கலாம். ஆகவே "மாட்டேன்" என்று சொல்லி நிறுத்திவிடாமல், "ஒரு பருவம் பார்க்கிறேன் கண்ணா, கணக்கை உனக்கு மாதாமாதம் அனுப்புகிறேன், பிறகு சேர்ந்து முடிவு செய்வோம்" என்று சொல்லுங்கள். தினமும் இரவு எட்டு மணிக்குப் பேசுவதென்று வைத்துக்கொண்டால் அவருடைய கவலை பாதி குறையும்.

ஒரு நோட்டுப் போடுங்கள். பங்குனி, சித்திரையில் பூ மழை விழும் தேதியை முதல் பக்கத்தில் எழுதுங்கள். அதிலிருந்து எட்டுப் பத்து நாளில் தோட்டம் வெள்ளையாகப் பூத்து நிற்கும்போது அந்தத் தேதியையும் எழுதுங்கள். பிறகு கூலி, உரம், கவாத்து, பறிப்பு என்று ஒவ்வொரு செலவையும் உங்கள் கையாலேயே எழுதி வாருங்கள். தையில் பழம் பறித்து, விற்று, கணக்கைக் கூட்டி முடித்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். விற்பது என்று முடிவு செய்திருந்தாலும் போடுங்கள்.