ஜீப்ரா பிளெக்கோ: ஷிங்கு நதியின் பாறை இடுக்கு மீன் குறித்துக் கேள்வி பதில்

கேள்வி (சேலம்): கறுப்பு வெள்ளைப் பட்டைகள் கொண்ட ஜீப்ரா பிளெக்கோவும் நம் ஏரிகளில் வலையில் சிக்கும் டேங்க் கிளீனர் மீனும் ஒன்றா?

பதில்: ஒன்றல்ல. இரண்டும் செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் போர்த்த, உறிஞ்சுவாய் உடைய தென் அமெரிக்கக் கெளுத்திகள். ஒற்றுமை அத்துடன் முடிகிறது. டேங்க் கிளீனர் ஓரடிக்கும் மேல் வளரும். ஜீப்ரா 8 செ.மீ.யைத் தாண்டுவது அரிது. ஹைபன்சிஸ்ட்ரஸ் ஜீப்ரா என்று 1991-இல் அறிவியல் பெயர் பெற்ற இம்மீன், பிரேசிலின் பாரா மாநிலத்தில் ஆல்டமிரா நகரையடுத்து ஷிங்கு நதி பெரிதாக வளையும் வோல்டா கிராண்டே பகுதியில் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது.

கேள்வி (கோவை): அங்கே அதன் வாழிடம் எப்படிப்பட்டது?

பதில்: தெளிந்த, வெதுவெதுப்பான, விரைந்தோடும் நீர், அடியில் குவிந்து கிடக்கும் பாறைகள். பகலில் இடுக்குகளுக்குள் ஒடுங்கியிருந்து, இருட்டிய பிறகே இரை தேடும். இனப்பெருக்கமும் அந்த இடுக்கில்தான் நடக்கிறது: பெண் மீன் இடும் பத்துப் பதினைந்து பெரிய முட்டைகளை ஆண் மீன் வாயிலை அடைத்தாற்போல் காத்து, துடுப்பை இடைவிடாமல் அசைத்து அவற்றின்மீது புது நீர் படரச் செய்கிறது. இத்தனை குறைவாக முட்டையிடும் இனம், ஒருமுறை எண்ணிக்கையில் சரிந்தால் மீண்டெழுவது மிகக் கடினம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): தொட்டியிலுள்ள பாசியைத் தின்னுமா?

பதில்: அதற்காக வாங்காதீர்கள். இது புழு, சிறு இறால் போன்ற புலால் உணவையே பெரிதும் விரும்பும்.

கேள்வி (சென்னை): ஷிங்கு நதியில் கட்டிய பெலோ மொன்டே நீர்மின் அணையால் இதற்கு என்ன ஆபத்து? அணையில் நீர் இருக்கத்தானே செய்கிறது?

பதில்: நீர் இருந்தால் மட்டும் போதாது, ஓட்டமும் வேண்டும். 2016-இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய இத்திட்டம், நதியின் நீரில் பெரும்பகுதியைக் கால்வாய் வழியே மின்நிலையத்துக்குத் திருப்புவதால், வோல்டா கிராண்டே வளைவில் ஓட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அணைக்கு மேற்புறமோ ஓடிய நீர் தேங்கி, பாறை இடுக்குகளில் வண்டல் படிகிறது. வேறு நதி இல்லாத ஒரு மீனுக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை என்பதே என் கருத்து.

கேள்வி (திருச்சி): அப்படியானால் இதை வளர்ப்பதே தவறா?

பதில்: நதியில் பிடித்த மீனை வாங்குவது தவறு. பிரேசில் அதன் ஏற்றுமதியைத் தடை செய்துள்ளது. அழிவபாயத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடும் 2022-இல் இதைத் தன் இரண்டாம் பட்டியலில், அதாவது வணிகம் கட்டுப்படுத்தப்படும் இனங்களின் பட்டியலில், சேர்த்தது. ஆனால் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்ட குஞ்சுகள் கிடைக்கின்றன. எங்கே பிறந்தது என்பதற்கு ஆவணம் காட்டாத விற்பனையாளரிடம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.