பிறப்புப் பதிவை விடுங்கள், பட்டாவைத் தேடுங்கள்

வம்சாவளி தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுராந்தகம் பக்கம் 1870களில் பயிர் வைத்த கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டிக்குப் பிறப்புப் பதிவு பெரும்பாலும் கிடைக்காது. சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899-ல்தான் வந்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்த ஊரின் செட்டில்மெண்ட் பதிவேட்டைக் (நிலத்தை அளந்து வரி நிர்ணயித்தபோது எழுதியது) கேளுங்கள். புல எண் வாரியாகப் பட்டாதாரர் பெயர் இருக்கும்.

அதிலும் கொள்ளுத்தாத்தா பெயர் இல்லையென்றால், பட்டா அவருடைய அப்பா அல்லது அண்ணன் பெயரில் இருந்திருக்கலாம். கூட்டுக் குடும்பம்தானே.

அதற்கு முன்னால் வீட்டுப் பரணில் பழைய கிரயப் பத்திரம் ஏதாவது கிடக்கிறதா பாருங்கள். "இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர், விவசாயம்" என்று ஒரே வரியில் ஊர், தகப்பனார், தொழில் எல்லாம் வந்துவிடும். பாட்டி பெயர் அகப்பட்டால் இங்கேதான் அகப்படும்: கணவர் போனபின் மைனர் பிள்ளைக்குக் கார்டியனாக. பட்டாவில் பெண்களைத் தேடுவது வீண் அலைச்சல் என்பது என் அபிப்பிராயம்.

பத்திரத்திலுள்ள புல எண் இன்று மாறியிருக்கும். அ-பதிவேட்டில், அதாவது ஊரின் புல எண்கள் எல்லாம் அடங்கிய கிராம நிலப் பதிவேட்டில், பழைய புல எண்ணுக்குத் தனிப் பத்தி உண்டு. அப்புறம் அதைப் பிடித்துப் பின்னால் போகலாம்.

ஒன்று, ஊர் ஜமீன்தாருக்கு வரி கட்டிய ஜமீன் கிராமமாக இருந்தால் இந்த வழி உதவாது. அங்கே ரயத்துவாரி (விவசாயியிடம் அரசே நேராக வரி வாங்கும் முறை) செட்டில்மெண்ட் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான். இன்னொன்று, பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரே ஊரில் நாலு முனுசாமி இருப்பார்கள். தகப்பனார் பெயரும் பொருந்தினால் மட்டும் வம்சாவளியில் ஏற்றுங்கள்.