பனி மனிதன் வேண்டாம், ஐஸ் பண்டுங் போதும்

கேள்வி: வணக்கம் அக்கா. என் மகனுக்கு நாலு வயது. பாலர் பள்ளியில் இந்த மாதம் வானிலை பற்றிச் சொல்லித் தருகிறார்கள். வீட்டிலும் ஏதாவது செய்து காட்டலாம் என்று தேடினால் இலையுதிர் காலம், பனி மனிதன், பஞ்சில் மேகம் என்றுதான் வருகிறது. நாங்கள் இருப்பது வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, பன்னிரண்டாம் மாடி, தோட்டமும் கிடையாது. என்ன செய்யலாம்?
– யீஷூன் வாசகி

பதில்: பனி மனிதனை விட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது, கிட்டத்தட்ட பாதி நாட்கள் மழை நாட்கள்தான், இதை விட்டுவிட்டு உங்கள் பையன் காணாத இலையுதிர் காலத்துக்கு எதற்குப் போக வேண்டும்?

முதலில் ஐஸ் பண்டுங், அதாவது ரோஸ் சிரப்பும் பாலும் கலந்த பானம். கண்ணாடி டம்ளரில் நல்ல ரோஸ் நிறமாகக் கலக்கி, ஐஸ் நிறையப் போட்டு, வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு, காய்ந்திருக்கிறதா என்று அவனையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏர்கான் அறையில் வேண்டாம், அங்கே காற்றில் ஈரம் குறைந்துவிடும். சமையலறை மேசை நல்லது. சில நிமிடங்களில் டம்ளர் வியர்க்கும். 'இந்தத் தண்ணி எங்கேயிருந்து வந்துச்சு?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். (பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம்.) 'உள்ளேயிருந்து ஒழுகுது' என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள், அது நல்ல பதில்தான், ஏனென்றால் அதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒழுகியிருந்தால் ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டுமே? வெள்ளை டிஷ்யூவால் துடைக்கச் சொல்லுங்கள். நிறமே ஏறாது. அப்புறம் சொல்லுங்கள்: காற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த தண்ணீர்தான் குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் துளியாகிவிட்டது, ஈரக் காற்று மேலே ஏறிக் குளிரும்போது மேகமும் இப்படித்தான் உண்டாகிறது. இந்த வயதுக்கு இவ்வளவு போதும். பண்டுங்கை யார் குடிப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஷேவிங் நுரையின் மேல் நீலச் சாயம் சொட்டி 'மழை' வரவைக்கும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகுதான், ஆனால் அங்கே மேகம் எதுவும் உண்டாவதில்லை, சாயம் நுரைக்குள் இறங்கித் தண்ணீரில் விழுகிறது, அவ்வளவே. விளையாட்டாகச் செய்யுங்கள், மேகம் என்று சொல்லித் தர வேண்டாம்.

மழை விட்டதும் அவனோடு கீழே இறங்கி, தேங்கிய தண்ணீர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் ஓரமாகச் சின்னக் கற்களை அடுக்குங்கள். சாக்பீஸ் கோடு ஈரத் தரையில் சரியாகப் பிடிக்காது. வெயில் வந்து அரை மணி நேரம் கழித்துப் போனால் கற்களை விட்டுத் தண்ணீர் உள்ளே ஒதுங்கியிருக்கும். போவதற்கு முன்பே 'எவ்வளவு இருக்கும்?' என்று கேட்டுவிடுங்கள், ஊகித்துவிட்டுப் போய்ப் பார்ப்பதில்தான் பிள்ளைக்குச் சுவாரசியம்.

மழையை அளக்க ஆசையா? நேரான சுவருள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். ஸ்கேல் படிக்கத் தெரியாத வயது, அதனால் தண்ணீர் நின்ற இடத்தில் கலர் டேப் ஒட்டட்டும். ஆனால் பன்னிரண்டாம் மாடி ஜன்னலிலோ தாழ்வாரச் சுவர் மேலோ எதையும் வைக்காதீர்கள், காற்றில் விழுந்தால் கீழே போகிறவர் தலையில்தான். தரையில் திறந்த இடத்தில், மழைக்கு முன்பே வைத்துவிட்டு, மழை நின்றபின் எடுத்து அன்றைக்கே கொட்டிவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும்.

கேள்வி: ஐந்து வயதுப் பேத்திக்கு இடி என்றாலே நடுக்கம். விடியற்காலை இடித்தால் அழுதுகொண்டே எழுந்துவிடுகிறாள். பயம் போக என்னம்மா வழி?
– பாசிர் ரிஸ் தாத்தா

பதில்: மடியில் உட்காரவைத்து எண்ணச் சொல்லுங்கள் ஐயா. மின்னல் தெரிந்ததும் ஆரம்பித்து, இடி கேட்டதும் நிறுத்த வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும், ஆக நொடிக்கு ஒன்றாக மூன்று எண்ணினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அவளுக்குக் கிலோமீட்டர் எல்லாம் வேண்டாம், எண்ணிக்கை ஏறினால் இடி தள்ளிப் போகிறது என்று தெரிந்தால் சரி. சுமத்ராப் பக்கமிருந்து விடியலில் வரும் காற்றுமழை வேகமாக நகர்ந்துவிடும், அதனால் எண்ணிக்கை குறைந்து பிறகு கூடுவதை அவளே கண்டுபிடிப்பாள். ஒன்று மட்டும்: எண்ணிக்கை எவ்வளவு பெரிதானாலும் இடி காதில் விழுந்துகொண்டிருக்கும்வரை விளையாட்டுத் திடலுக்கு அனுப்பாதீர்கள்.